கிராமம் ஏன் ரொக்கம் வைத்திருக்கிறது?

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் மங்கலம் 2005 டிசம்பர் இறுதியில் நாடறிந்த ஊரானது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு கிடைத்த இந்தியாவின் முதல் கிராமம் என்று அதைச் சொன்னார்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத எளிய கணக்குகளைத் திறக்கும்படி ரிசர்வ் வங்கி அதற்கு முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தது. இந்தியன் வங்கி அதை இங்கே செய்து காட்டியது. கணக்கு வந்தால் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் கிடக்கும் காசு வங்கிக்கு வந்துவிடும் என்று அன்று நம்பினார்கள். ஆனால் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் இதே வகைக் கணக்குகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஓர் அறிக்கை வேறு கதை சொன்னது. திறந்து ஓராண்டு ஆன பிறகும் 72 சதவீதக் கணக்குகளில் பணமே இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருந்தது. ஏழைகளுக்கு வங்கிப் பழக்கம் இல்லை என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது. அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். கையில் காசு வைத்திருக்க அவர்களுக்குக் கணக்கான காரணங்கள் இருக்கின்றன.

ஒரு குடும்பம் தன்னிடம் உள்ளதில் எவ்வளவை உடனே செலவழிக்கத்தக்க பணமாக வைத்துக்கொள்ள நினைக்கிறது என்பதையே பொருளியலார் பணத்தேவை என்கிறார்கள். கெய்ன்ஸ் 1936இல் இதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: அன்றாடக் கொடுக்கல் வாங்கல், எதிர்பாராத செலவுக்கான முன்னெச்சரிக்கை, கடன்பத்திர விலை மாறும் என்று காத்திருத்தல். புதுச்சேரியின் பாகூரில் நெல் போடுகிறவருக்கு மூன்றாவதோடு சம்பந்தமில்லை. வட்டி கிடைக்குமிடத்தில் ரொக்கம் சுருங்கும் என்ற பாடமும் இங்கே வலுவிழக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு 3 சதவீதம் வட்டி என்று வைத்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்டு முழுதும் 300 ரூபாய். 2024-25இல் புதுச்சேரியில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். பணம் போடவும் எடுக்கவும் வங்கியில் நின்று ஒரு நாள் வேலை கெட்டால் அந்த ஆண்டின் வட்டி முழுவதும் போயிற்று. பாமோல் 1952இலும் டோபின் 1956இலும் ஏறக்குறைய இதைத்தான் கணிதமாக எழுதினார்கள். நடவுக்குப் போகும் பெண் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

அப்படியென்றால் தேவையைக் கூட்டுவதும் குறைப்பதும் எது? வருமானத்தின் அளவைவிட, அது வந்து சேரும் விதம் என்பேன். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமானாலும் செலவு பல தவணையில் போகிறது: உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், களை. வரவோ அறுவடைக்குப் பிறகு ஒரே ஒரு முறை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு நடவிலும் களையிலும் கிடைப்பதே மற்ற மாதங்களுக்கும் வர வேண்டும். முன்பு அறுவடைக் கூலி நெல்லாகவே வீடு வந்தது. பல மாதச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இப்போது வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது, வாடகை மணிக் கணக்கில், ரொக்கமாக. வாழ்க்கையில் எந்தப் பகுதி சந்தைக்குள் போனாலும், வருமானம் ஒரு ரூபாய்கூட உயராவிட்டாலும், அந்தப் பகுதிக்காகக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ரேஷன் அரிசி விவகாரம் இதை மிகத் தெளிவாகக் காட்டியது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு புதுச்சேரியிலும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பணமாகக் கொடுத்தால் விருப்பம்போல் வாங்கிக்கொள்ளலாமே என்ற வாதம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் பணம் வரத் தாமதமாகும் நாட்களையும் அரிசி விலை ஏறும் மாதங்களையும் சமாளிக்கும் பொறுப்பு அதோடு சேர்ந்து குடும்பத்தின் தலையில் விழுந்தது. மக்கள் அரிசியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2024 தீபாவளிக்கு முன் ரேஷன் கடைகள் மறுபடியும் திறந்தன.

இன்னொரு காரணத்தை ரொனால்ட் மெக்கின்னன் 1973இல் எடுத்துச் சொன்னார். கடன் எளிதில் கிடைக்காத நாட்டில் முதலீடு செய்ய விரும்புகிறவர் முதலில் பணம் சேர்த்தாக வேண்டும். கறவை மாட்டைப் பாதியாக வாங்க முடியாது. போர்வெல்லைத் தவணை தவணையாகத் தோண்ட முடியாது. எனவே வாய்ப்பு பெருகும் ஊரில் பணத்தேவையும் பெருகும். சீட்டு சேர்வதும் நகை வாங்குவதும் இதன் வேறு வடிவங்களே. அடகுக் கடையில் சிறிது நேரத்தில் ரொக்கமாகிவிடும் என்பதாலேயே தங்கத்துக்குக் கிராமத்தில் அவ்வளவு மதிப்பு.

ரொக்கத்தை வளர்ப்பது கறுப்புப் பணம்தானே என்று கேட்பார்கள். கணக்கில் காட்டாத பணம் இருப்பது உண்மை. ஆனால் 2016 நவம்பரில் செல்லாது என அறிவிக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாய் நோட்டுகளில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பி வந்தன. பெருந்தொற்று தாக்கிய 2020-21இல் நாட்டின் உற்பத்தியே சுருங்கியது, வாங்குவதும் விற்பதும் குறைந்தன. அப்படியும் புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ 17 சதவீதம் உயர்ந்தது. அச்சம் என்ற காரணத்தை விட்டுவிட்டு இதை விளக்க முடியாது. யுபிஐ வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது அடுத்த வாதம், இன்னும் வலுவான வாதம். 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிமாற்றங்களின் எண்ணிக்கை ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. உற்பத்தியோடு ஒப்பிட்டால் ரொக்கத்தின் பங்கும் 2020-21க்குப் பிறகு இறங்கித்தான் வருகிறது. ஆயினும் பணமதிப்பிழப்புக்கு முன் சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த நோட்டுகள் 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கு மேல். டீக்கடைக் கணக்கைச் செல்போன் எடுத்துக்கொண்டது, முன்னெச்சரிக்கைக்கு வைக்கும் பணத்தை அதனால் தொட முடியவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததையும், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் தண்ணீர் நுழைந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் நின்று செல்போன் அணைந்துபோன நாளில் பாலுக்கும் மருந்துக்கும் நோட்டுதான் உதவும்.

ஆகவே ரொக்கம் வைக்காதே என்று கிராமத்துக்குப் புத்தி சொல்வதை அரசும் வங்கிகளும் விட்டுவிட வேண்டும். கூலி சொன்ன தேதியில் வந்தால், பயிர்க்கடன் நாற்று விடும் முன்பே கைக்கு எட்டினால், மூழ்கிய பயிருக்கான காப்பீட்டுத் தொகை அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குவதற்குள் வந்துவிட்டால், யாரும் சொல்லாமலே வீடுகளில் முடங்கும் காசு குறையும்.