உம்ரா பயணத்தில் எந்த கார்டு? டெபிட்டா, கிரெடிட்டா?

கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து உம்ராவுக்குப் புறப்படும் நம் மக்கள் இஹ்ராம் துணி முதல் மாத்திரை வரை பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். குமுளி வழியாகக் கொச்சி விமான நிலையம் போய்ச் சேரும் வரை யோசிக்காத ஒன்று உண்டென்றால், அது கையிலிருக்கும் வங்கி கார்டுதான். டெபிட் கார்டு போதுமா, கிரெடிட் கார்டும் வேண்டுமா? இந்தக் கேள்வியில் மார்க்கமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

டெபிட் கார்டில் நாம் செலவழிப்பது நம் கணக்கிலுள்ள சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் செலவழிப்பது வங்கி தரும் கடன். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி ஏறும். வட்டி ஹராம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடியபோது, வட்டி நிபந்தனையுள்ள கிரெடிட் கார்டு கூடாது என்றும், கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் தீர்மானித்தது. தேவை உள்ளவர் தவறாமல் கெடுவுக்குள் கட்டுவதாக இருந்தால் பயன்படுத்தலாம் என்று கூறும் அறிஞர்களும் உண்டு. கணக்கில் பணம் உள்ள டெபிட் கார்டில் இந்தச் சிக்கலே இல்லை. மக்காவில் தங்க நகை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: கடன் கார்டில் தங்கம் வாங்கக் கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

இனி கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால், பல வங்கிகள் நாணய மாற்றுக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு ரியால் 23 ரூபாய் என வைத்துக்கொண்டால், 1,000 ரியாலுக்கு 23,000 ரூபாய். 3.5 சதவீதக் கட்டணம் 805 ரூபாய், வரி 145 ரூபாய். ஆக, சுமார் 950 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இது இரண்டு கார்டுகளுக்குமே பொருந்தும். ஆனால் கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் தனிக் கட்டணத்தோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடத் தொடங்கும். இதை அறவே தவிர்க்க வேண்டும். கடையிலோ ஏடிஎம்மிலோ 'ரூபாயா, ரியாலா?' என்று இயந்திரம் கேட்டால் ரியாலையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் பெரும்பாலும் நமக்கு நஷ்டமான விலையில்தான் மாற்றுவார்கள்.

கிரெடிட் கார்டுக்கு உள்ள ஒரு சாதகத்தையும் மறைக்கக் கூடாது. கார்டு திருடுபோனால் அதில் போவது வங்கியின் பணம், டெபிட்டில் போவது நம் சேமிப்பு. ஓட்டல்காரர் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகையும் டெபிட்டில் நம் கணக்கிலேயே முடங்கிவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பயணத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, தேவையான தொகையை மட்டும் அதில் போட்டு, அதன் டெபிட் கார்டை எடுத்துச் செல்லுங்கள். ஏலக்காய் விற்ற பணமும் மகள் கல்யாணப் பணமும் உள்ள கணக்கின் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை:

வங்கியின் செயலியிலோ கிளையிலோ வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, தினசரி வரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. உள்நாட்டு ரூபே கார்டு வெளிநாட்டில் செல்லாது என்பதால், உங்களுடையது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடிபி வர வேண்டுமானால் ஊர் சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும். வங்கியின் அவசர எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருங்கள். வங்கியோ நாமோ தவறு செய்யாமல் பிறர் செய்த மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஆனால் பின் நம்பரைப் பிறரிடம் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. ஆகவே வயதான பெற்றோரிடம், வழிகாட்டியிடம் கூட பின் நம்பரைச் சொல்ல வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கார்டு வேலை செய்யாத நேரத்துக்குக் கொஞ்சம் ரியால் நோட்டும் கையில் இருக்கட்டும். கடனோ வட்டியோ கலக்காத பணத்தில் சென்று, கடனில்லாமல் ஊர் திரும்ப அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.