உஷார்! லீக்கை அடைத்த பேஸ்ட் எஞ்சினையும் அடைத்துவிடும்

ஆயில் லீக் நின்றுவிட்டது என்று நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஹெட்டைக் கழற்றி, கார்பன் சுரண்டி, புது பேக்கிங் வைத்து, ஓரமெல்லாம் சிலிகான் பேஸ்ட் பூசித் திருப்பிக் கொடுத்த வண்டி முதல் நாள் நன்றாகவே ஓடும். முதல் வாரமும் ஓடும். வெளியே ஒரு சொட்டு ஆயில் கசியாது. ஆனால் உள்ளே, வால்வை அழுத்தும் ராக்கருக்கு ஏற வேண்டிய ஆயிலும் ஏறாமல் நின்றிருக்கலாம். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஹெட்டுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். அப்போது கேமும் ராக்கரும் தேய்ந்து முடிந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் இருப்பவர்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் பிறக்கிற மண் இது. 1955-ல் இந்தியக் கம்பெனியாகத் தொடங்கி, முதலில் திருவொற்றியூரில் வண்டி செய்த ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் ஆலைகளைக் கொண்டுவந்தது. வல்லம் வடகாலிலேயே யமஹாவும் இருக்கிறது. எஞ்சின் ஆலை ஒன்றில் ஹெட்டும் பேரலும் சேரும் முகத்தின் சமதளத்தை மைக்ரான் கணக்கில் பார்ப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டும் குறித்த வரிசையில், குறித்த அளவு இறுக்கத்துடன்தான் முடுக்கப்படும். அதே எஞ்சின் சில வருடம் கழித்து ரோட்டோரத்தில் பிரிக்கப்படும்போது ஹேக்ஸா பிளேடும் ஸ்க்ரூ டிரைவரும் கை அழுத்தமும்தான் அளவு.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே நேரம்தான் பெரிய எதிரி. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு நைட் ஷிஃப்டுக்கு வண்டி வேண்டும். கம்பெனி பஸ் அவர் தங்கியிருக்கும் தெருவுக்கு வராது. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

“அண்ணே, ஹெட்டுகிட்ட லேசா ஆயில் வேர்க்குது. சாயங்காலத்துக்குள்ள கெடைக்குமா?”

“பேஸ்ட்டு போட்டு அடைச்சுடலாம் தம்பி. டீ குடிச்சுட்டு வா.”

இந்த இரண்டு வரிப் பேச்சில்தான் ஆபத்து முழுக்க இருக்கிறது. சிலிகான் பேஸ்ட் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இறுகும் பொருள். மேல்பரப்பு சில நிமிடத்தில் தோல் கட்டிவிடும், தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே முழுசாக இறுக, ட்யூபின் மேலேயே போட்டிருப்பது போல, பெரும்பாலும் 24 மணி நேரம் ஆகும். டீ குடித்து முடிப்பதற்குள் ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தால், பாதி இறுகிய பேஸ்ட் சூடான ஆயிலில் கரைந்தும் பிய்ந்தும் போகும்.

பேஸ்ட் பூசிய மூடியை வைத்து போல்ட்டை முடுக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் சிவப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு வரி பிதுங்கும். மெக்கானிக் அதை விரலால் வழித்து எடுத்துவிடுவார், பார்க்கச் சுத்தமாக இருக்கும். வெளியே எவ்வளவு பிதுங்கியதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அங்கே வழிக்க விரல் போகாது. அந்த உள்வரி இடியாப்பம் போல நூல்நூலாகத் தொங்கிக்கொண்டு காயும். எஞ்சின் அதிர்வில் ஒவ்வொரு நூலாக அறுந்து ஆயிலில் விழும். கீழே விழுந்தவை ஆயில் வலையில் போய் ஒட்டும். வலை அடைத்தால் பம்ப் உறிஞ்ச ஆயில் இருக்காது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் மேலே போகும் ஆயில் பேரல், ஹெட் இரண்டையும் துளைத்துச் செல்லும் சின்ன வழி ஒன்றின் ஊடாக ஏறுகிறது. பேக்கிங்கில் அந்த இடத்தில் ஒரு சிறு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த ஆயில் ஃபில்டரைத் தாண்டி வந்துவிட்ட ஆயில். ஆகவே அந்த ஓட்டையைச் சுற்றிப் பேஸ்ட் பூசினால், பிய்கிற துண்டைப் பிடிக்க நடுவில் எதுவும் கிடையாது. அது நேராகக் கேமுக்கும் ராக்கருக்கும் போய் அங்குள்ள குறுகிய துவாரத்தில் நிற்கும். ஃபில்டர் புதுசாக மாற்றினேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ராக்கருக்கு ஆயில் ஏறுவது வெளியே தெரியும் மெல்லிய குழாய் வழியே. அந்தக் குழாயை ஹெட்டோடு மாட்டும் பேஞ்சோ போல்ட்டில் இருக்கும் துவாரம் இன்னும் சிறியது. ஒரு துண்டு போதும்.

பேஸ்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் ஆலைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. எந்த இடத்தில், எவ்வளவு மெல்லிசாக, எந்த வகை என்பதைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்துகின்றன. சர்வீஸ் மேனுவல் எங்கே பூசச் சொல்கிறதோ அங்கே மட்டும் பூசலாம். ஹெட் பேக்கிங்கில் பூசவே கூடாது. அங்கே எரியும் வாயுவின் சூட்டுக்குச் சிலிகான் தாங்காது. கருகி, விலகி, அந்த இடைவெளி வழியே நெருப்பு வெளியேறி பேக்கிங்கை எரித்துவிடும். பேரலுக்கு அடியில் வரும் பேப்பர் பேக்கிங் கிடைக்கவில்லை என்று வெறும் பேஸ்ட்டோடு மூடுவதும் பெரிய தப்பு. அந்தப் பேப்பரின் கனத்தைச் சேர்த்துத்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை வடிவமைத்திருக்கிறார்கள். பேப்பரை எடுத்துவிட்டால் இடைவெளி குறையும், கம்ப்ரெஷன் ஏறும், நாக்கிங் வரும்.

ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் கண்ணாடிக்கும் ஸிங்க்குக்கும் அடைக்க விற்கிற சிலிகானை எஞ்சினில் போட்டவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பல, திறந்ததும் வினிகர் மாதிரி நெடி அடிக்கும். அது அசெட்டிக் அமிலம். அலுமினியத்தை அரிக்கும். சூடான ஆயிலில் இந்தச் சிலிகான் ஊறி உப்பிக் கழன்றுவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. பொருந்தாத சிலிகானிலிருந்து எழும் ஆவி, எஞ்சின் மூச்சு விடும் பிரீத்தர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், பெட்ரோலோடு எரிந்து, சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் மேல் வெள்ளையாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும். லீக் அடைக்கப் போய் எஞ்சின் லைட் எரிவதன் காரணம் இப்படியும் இருக்கலாம். ட்யூபில் ‘சென்சார் சேஃப்’ என்று இருக்கிறதா என்று நீங்களே வாங்கிப் பாருங்கள்.

பேஸ்ட் அதிகம் தேவைப்படுவதே சுத்தம் செய்யும் விதத்தால்தான். பழைய பேக்கிங் அலுமினியத்தோடு ஒட்டிப் போயிருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினால் முகத்தில் கோடு விழும். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கோடு என்றால் அது ஆயிலுக்கு வாய்க்கால்தான். அந்தக் கோட்டை மறைக்க இன்னும் கொஞ்சம் பேஸ்ட். அடுத்த தடவை பிரிக்கும்போது இன்னும் ஒரு கோடு. பேக்கிங் கரைக்கும் திரவம் தடவிக் காத்திருந்து, பிளாஸ்டிக் அல்லது கட்டைச் சுரண்டியால் எடுக்க வேண்டிய வேலை இது. கிரைண்டரில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க்கைக் கையில் எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு பொடி கண்ணுக்குத் தெரியாது. ஆயிலில் கலந்தால் பேரிங்கை அரைத்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இப்படி டிஸ்க் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று தன் சர்வீஸ் சென்டர்களுக்கே எழுத்தில் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. எமரி தாளும் அதே கதைதான். காஸ்டிக் சோடா தண்ணீரில் ஹெட்டை ஊறப்போடுவது இதைவிடக் கொடுமை. கார்பனோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும். தின்னும்போது வெளிவருவது ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு.

ஹெட் கழற்றியதும் திறந்து கிடக்கும் எஞ்சின் வாயில் வேஸ்ட் காட்டனைத் திணிப்பது வழக்கம். அதன் நூல் உதிர்ந்து உள்ளே போகும். நூல் உதிராத சுத்தமான துணியால் மூடச் சொல்லுங்கள். 2020 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 போன்ற வண்டிகளின் எஞ்சின்களில் கேம் ஹெட்டிலேயே இருப்பதால், கேம் செயின் இறங்கும் பள்ளம் நேராக அடிவரை திறந்திருக்கிறது. சின்ன கிளிப் ஒன்று தவறி விழுந்தால், அதை எடுக்க எஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம். அடிப்பக்கம் மூடிய போல்ட் துளைகளில் ஆயிலோ டீசலோ தேங்கியிருக்க, அப்படியே போல்ட்டை முடுக்கினால் தேங்கிய திரவம் போக இடமில்லாமல் வார்ப்பையே வெடிக்கச் செய்யும். துளையை ஊதிக் காயவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் செலவிடுவதில்லை.

எஞ்சின் போனால் இன்னொரு எஞ்சின் வாங்கலாம். ஆள் போனால் வாங்க முடியாது, அதனால் ஆளைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கடைகளில் ஹெட் கழுவுகிற வேலை எப்போதும் கடைசியாகச் சேர்ந்த பையனுக்குத்தான் விழும். தட்டில் பெட்ரோலை ஊற்றி, வெறுங்கையால் முக்கி, பிரஷ்ஷால் தேய்ப்பான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், அப்பால் இருக்கும் கம்ப்ரஸர் மோட்டாரின் பொறியைத் தேடிப் பிடிக்கும். உறைபனியிலும்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகிற பொருள் அது. நம் ஊர் மே மாத வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்டது. டீசல் போதும். காற்றோட்டமான இடம், கையுறை, ஓரமாக மணல் வாளி. கழுவிய டீசலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தின் நீர் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று செம்பரம்பாக்கம், சென்னை குடிக்கிற ஏரி.

பழைய சாம்பல் நிற பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இல்லை. அதில் வேலை செய்யும் தொழிலாளர்களின் உடல்நலத்தைக் காப்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பு சொன்னது. ரோட்டோரக் கடைப் பையனுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. காய்ந்த பேக்கிங்கை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதுகிறான். அந்தத் தூசியால் வரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும், அப்போது அதை முழுசாகக் குணமாக்குவது கடினம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், ஊதாதீர்கள். நீங்கள் வண்டிக்காரர் என்றால், பக்கத்தில் நின்று இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

இத்தனையும் பிரித்த பிறகு வரும் வினைகள். பிரிக்கவே தேவையில்லாத வண்டியைத்தான் பல நேரம் பிரிக்கிறார்கள். எஞ்சினை வெளியே நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் சந்தேகப்படும் இடத்தில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளையில் கருப்பாக ஒரு கோடு எங்கிருந்து ஆரம்பிக்கிறதோ அதுதான் லீக். டேப்பெட் கவரின் ரப்பர் ஓ-ரிங்கிலிருந்து வழிகிற ஆயில், காற்றில் பரவி ஹெட் பேக்கிங் போன மாதிரிக் காட்டும். மாற்ற வேண்டியது சில ரூபாய் ரிங்தான். பிரீத்தர் குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி நல்ல பேக்கிங்கையும் கசிய வைக்கும். அதைப் பார்க்காமல் எத்தனை தடவை ஹெட் கழற்றினாலும் லீக் திரும்ப வரும்.

பழைய வண்டி வாங்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, முதல் சில மாதச் சம்பளத்தில் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறீர்கள். எஞ்சின் பளபளவென்று கழுவியிருந்து, இணைப்பு ஓரத்தில் புதுசாகப் பேஸ்ட் வரி தெரிந்தால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விற்பதற்காகவே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். போல்ட் தலையின் மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தால் ஹெட் ஏற்கெனவே பல கை பார்த்தது. ஆறிய எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பேஸ்ட் போட்டு வாங்கிவிட்டீர்களா? இன்றே ஆயிலை இறக்கச் சொல்லுங்கள். ஆயில் வலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, சாம்பல் நிறத்தில் ரப்பர் துண்டு கிடைத்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மேல்பக்கத்தைத் திறந்து ஆயில் வழியைச் சுத்தம் செய்த பிறகுதான் ஓட்டலாம். துண்டு எதுவும் இல்லையென்றால் புது ஆயில் ஊற்றி, டேப்பெட் கவரைத் திறந்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் ஐட்லில் ஓடவிட்டு, ராக்கர் பக்கம் ஆயில் வந்து நனைகிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய புல்லட்டில் பேஞ்சோ போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே தெரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் தென்படவில்லை என்றால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். அன்றைய ஷிஃப்டுக்கு ஷேர் ஆட்டோவில் போங்கள்.