மேசை மேல் ஒரு குடம்

குடவாசல் என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு குடமும் அதன் வாயும் இருக்கின்றன. ஊழி வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் குடத்தைச் சிவபெருமான் அம்பெய்து உடைத்தார், அதன் வாய் விழுந்த இடம் குடவாயில் என்பது தலபுராணம். அங்கே இருக்கும் என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, மேசை ரெண்டடி அகலம்தான். கையில ஆயிரத்தைந்நூறு இருக்கு. எந்த ஸ்பீக்கர் வாங்கட்டும்?" அவளுக்குத் தவில் என்றால் உயிர். லேப்டாப்பில் நாகஸ்வரம் வருகிறது, தவிலின் வலந்தலை வருகிறது, கனத்து ஒலிக்கும் இடப்பக்கத் தொப்பி மட்டும் காணாமல் போகிறது என்பது அவள் குறை. அதற்குப் பதில் தேடப்போனவன், கடைசியில் அவள் ஊர்ப்பெயரிலேயே வந்து நின்றேன்.

ஸ்பீக்கருக்குள் இருப்பவை மிகச் சில பொருள்கள். ஒரு காந்தம், அதன் இடுக்கில் தொங்கும் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. சுருளில் மின்சாரம் ஓடினால் அதுவும் காந்தமாகி முன்னே பாயும். மின்சாரம் திசை மாறினால் பின்னே போகும். கூம்பு காற்றைத் தள்ளும். அமெரிக்காவில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்ட வடிவம் இது. நூறு ஆண்டு கடந்தும், கல்யாண வீட்டுப் பெரிய பெட்டியிலிருந்து மேசை மேல் இருக்கும் குட்டிப் பெட்டிவரை அடிப்படை அதேதான்.

தொப்பி ஏன் தொலைகிறது? வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அது குறையக் குறைய ஓசை கனக்கும். வினாடிக்கு 1000 அதிர்வுள்ள ஓசையை அரை மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நன்றாகக் கேட்கச் செய்ய, இரண்டு அங்குலக் கூம்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைந்தால் போதும். ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல ஏழு மடங்கு! அதே வலுவில் வினாடிக்கு 50 அதிர்வு வேண்டுமென்றால் 400 மடங்கு அசைய வேண்டும். அதாவது 4 மில்லிமீட்டர். அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அசைவு நான்கு மடங்காக வேண்டும் என்பது காற்று போட்ட கணக்கு. லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பீக்கர் அவ்வளவு தூரத்துக்கு எங்கே போகும்?

இன்னொரு இழப்பும் உண்டு. கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டும் சுற்றி வந்து கலந்தால் கனத்த ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் கூம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பின்புறத்தை அடைக்கிறார்கள். ஆனால் அடைத்துவிட்டால் பாதி உழைப்பு பெட்டிக்குள்ளேயே வீண். அதையும் வெளியே கொண்டுவர முடியாதா?

இங்கேதான் குடம் வருகிறது. குழாயடியில் குடம் பிடிப்பவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஏற ஏற ஓசை கீச்சென்று மெலிவதைக் காதே சொல்லிவிடும். குடத்தின் வயிற்றில் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். கழுத்தில் இருக்கும் காற்று அதன் மேல் வைத்த எடை. தட்டினால் எடை ஏறி இறங்கும். வயிறு பெரிதானால் ஸ்பிரிங் தளர்ந்து ஓசை கனக்கும். கழுத்து நீண்டாலும் வாய் குறுகினாலும் அப்படியே. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி, அடியின் நாதத்தைக் கனக்கச் செய்வது இந்த விதியால்தான். ஒரு பொருள் தனக்கு இசைந்த அதிர்வு கிடைத்ததும் தானும் சேர்ந்து பலமாக அதிர்வதை ஒத்ததிர்வு என்பார்கள். குடத்தின் ஒத்ததிர்வைக் கணக்காக எழுதியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-இல் ஸ்பீக்கர் பெட்டிக்கு வாய் திறந்து, கழுத்தும் வைத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பெட்டி குடமானது. கூம்பின் பின்புற அசைவு உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங்கை உதைக்க, கழுத்துக் காற்று வெளியே பாய்ந்து கனத்த ஓசையைத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விந்தை இதுதான்: குடத்துக்கு இசைந்த அந்த அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். உழைப்பதெல்லாம் வெறும் காற்று.

சின்னப் பெட்டிக்கு இதில் ஒரு சங்கடம். இரண்டு லிட்டர் பெட்டி என்பது பக்கத்துக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். அதில் 3 சென்டிமீட்டர் வாய் வைத்து, வினாடிக்கு 70 அதிர்வுக்கு இசைக்க வேண்டுமானால் கழுத்து சுமார் 19 சென்டிமீட்டர் நீள வேண்டும். குடத்தைவிடக் கழுத்து நீளம்! அதனால் குழாயை உள்ளுக்குள் வளைத்து மடக்குகிறார்கள். வாயை இன்னும் குறுக்கினால் காற்று புஸ்ஸென்று சீறும். நல்ல பெட்டியில் துளையின் உதடு சங்கின் வாய்போல வழித்து விரிந்திருப்பது அந்தச் சீறலைத் தவிர்க்கத்தான். வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்.

கழுத்துக்கே இடமில்லை என்றால் வாயைத் தோலால் மூடலாம். திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் ஐந்து வாய்களிலும் தோல் போர்த்திய வெண்கலக் குடமுழா இருக்கிறது. ஸ்பீக்கரிலும் அப்படி, கம்பியோ காந்தமோ இல்லாத வெறும் சவ்வு ஒன்றைப் பெட்டியின் பக்கத்தில் பொருத்துகிறார்கள். கழுத்துக் காற்றின் எடைக்குப் பதிலாக அந்தச் சவ்வின் எடை. கனம் ஏறினால் ஓசை தாழும். மிருதங்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறவருக்கு இது புதிதல்ல. வலந்தலையில் கிட்டான் கல்பொடியும் சோறும் குழைத்துப் பூசும் கறுப்பு வட்டம் இன்னும் நுட்பமானது. சாதாரணத் தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை அது சுரத்துக்குள் கொண்டுவருகிறது என்பதைக் காவிரிக்கரைத் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்.

இனி விலைச்சீட்டு. அட்டையில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று பெரிதாகப் போட்டிருந்தால் கண்ணை அப்பால் திருப்புங்கள். தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்ற எண்தான். யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதில் மட்டும் ஓடும் ஸ்பீக்கர் தொடர்ந்து நூறு வாட் தர வழியே இல்லை. ஆனால் இரண்டரை வாட்டை இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். தூரம் பாதியானால் கால்பங்கு சக்தி போதும். திறந்தவெளிக் கணக்கில், நான்கு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 64 வாட் வேண்டிய ஓசை, அரை மீட்டரில் இருப்பவருக்கு ஒரே வாட்டில் கிடைக்கும். சிறிய மேசைக்கு இது பெரிய வரம்.

இரண்டடி மேசையும் குறையல்ல. இரு ஓரத்தில் இரண்டு பெட்டி, இரண்டடி தள்ளித் தலை: சமபக்க முக்கோணம் அமைந்துவிட்டது. ஓசை ஒரு காதுக்கும் மறுகாதுக்கும் வந்து சேரும் இடைவெளி அதிகம் போனால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளந்தே மூளை நாகஸ்வரத்தை இடப்பக்கமும் தவிலை வலப்பக்கமும் உட்கார வைக்கிறது. பெட்டியின் முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை முன்பக்கம் அணை கொடுத்தால் போதும். இல்லையென்றால் மேசைப்பலகையில் பட்டு எகிறும் ஓசை, நேரே வரும் ஓசைக்குப் பின்னால் வந்து சேரும். அது 17 சென்டிமீட்டர் கூடுதலாக நடந்து வந்தால், 1000 அதிர்வு ஓசையின் மேடு பள்ளத்தில் விழுந்து மங்கிப்போகும். சுவரை ஒட்டி வைத்தால் கனத்த ஓசை காசில்லாமல் கூடும். துளை பின்னால் இருந்தால் மட்டும் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள், கடையில் தவில் ஒலிப்பதிவு ஒன்றைப் போடச் சொல்லி, துளையை விரலால் அடைத்தும் திறந்தும் பார்த்துத்தான் வாங்கினாள். மறுநாள் ஒரு சந்தேகம். "மாமா, எங்க வீட்ல சாவித் துவாரத்தைக்கூடக் குளவி விடாது. இதுக்குள்ள மண்ணு வெச்சுக் கூடு கட்டிடாதா?" கட்டும். கட்டினால் வாய் குறுகும், குடத்தின் சுருதியே மாறிவிடும். கொசுவலைத் துண்டைத் தொளதொளவென்று கட்டு, அழுத்தமான துணி மட்டும் வேண்டாம், காற்று வந்து போகணும் என்றேன்.