ஒரு மீனுக்கு எவ்வளவு நீர்?

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து சென்றால் திரியாய் வரும். குளமும் வயலும் சூழ்ந்த அவ்வூரில், ஒரு வீட்டுத் திண்ணையில், ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலொன்றைக் கண்டேன். ஒரு லீற்றர் நீருக்குமேல் அது கொள்ளாது. அதனுள்ளே, நீலப் பட்டை விரித்தாற்போன்ற செட்டைகளுடன் ஒரு பெட்டா மீன் அசையாது நின்றது. ‘பைற்றர்’ என்று சிறுவர் அழைக்கும் மீன் அதுவே.

“இந்த இடம் அதற்குப் போதுமா, தம்பி?” என்றேன்.

“இது வயல் தண்ணியிலை வாழுற மீன், ஐயா. ஒரு மாசமாய் உயிரோடைதானே இருக்கு!” என்றான் அம்மாணவன்.

அவன் விடையிற் பாதி உண்மை. தீங்கு விளைவதும் அந்தப் பாதி உண்மையாலேதான்.

பெட்டாவின் தாயகம் தாய்லாந்தின் நெல்வயல்களும் சதுப்பு நிலங்களுமாகும். ரீகன் என்னும் மீனியலறிஞர் 1910இல் அதற்கு ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ எனப் பெயரிட்டார். 2019இல் தாய்லாந்து அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நமக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. அதன் உறவினமொன்று தென்னிந்தியாவிலும் இலங்கையின் தாழ்நில நீர்நிலைகளிலும் வாழ்கிறது. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த அம்மீனைக் குவியே 1831இல் விவரித்தபோது, அவ்வாற்றின் பெயரைத் தழுவியே ‘குபானுஸ்’ எனும் பெயர் சூட்டப்பெற்றது.

இம்மீன்களுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான உறுப்பொன்று உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து அதனால் ஒட்சிசனைப் பெறுகின்றன. போத்தலிலும் பெட்டா மூச்சுத் திணறாதிருப்பது இதனாலேயே. ஆனால், மூச்சுக்கு வழி செய்த உறுப்பு கழிவுக்கு வழி செய்யவில்லை. மீன் வெளியேற்றும் அமோனியா நஞ்சாகும். 20 லீற்றரிற் கலக்கும் கழிவு 1 லீற்றரிற் கலந்தால், அதன் செறிவு 20 மடங்காகும். சிறிதளவு நீர் வெயிலில் விரைந்து சூடேறும். இரவில் விரைந்து குளிரும். வயல்நீர் ஆழமற்றதுதான், ஆனால் அகன்றது. ஆழங் குறைவென்பதைக் கண்ட நாம் அகலத்தைக் காணத் தவறிவிட்டோம்.

ஆதலின் பெட்டாவுக்கு உயர்ந்த தொட்டியைவிட நீண்ட தொட்டியே நன்று. 40 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 20 லீற்றர் ஆகும். ஓர் ஆண்மீனுக்கு அது தகுந்த இல்லம். இரண்டு ஆண்மீன்களை ஒன்றாக விடலாகாது, போரிடும். நீரை மெல்ல வடிக்கும் வடிகட்டியும் சில நீர்ப்பூண்டுகளும் வேண்டும். அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அங்கு குடிகொள்ளச் சில வாரங்கள் செல்லும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் நலம்; குழாய் நீராயின் குளோரினை நீக்கியே ஊற்றல் வேண்டும். மீன் துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும், அது மூச்செடுக்க மூடிக்கும் நீருக்குமிடையே காற்று வெளியும் தேவை. நம் கரையோர வெப்பம் அதற்கு இயல்பாகவே ஏற்றது.

உயிரோடிருத்தல் வேறு, வாழ்தல் வேறு. இதனைத் திரியாய்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 1985இல் வீடும் வயலும் விட்டு இடம்பெயர்ந்து, நெடுங்காலம் ஏதிலிகளாய் அலைந்து மீண்ட மக்களின் ஊர் அது. இருப்பதற்கு ஓரிடம் என்பதன் பொருளை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இவற்றை மாணவனிடம் நான் விரித்துரைக்கவில்லை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பார்க்கும்படி மட்டும் கூறினேன். அவன் சிறிது நேரம் போத்தலை உற்று நோக்கினான். பின்னர், அடிமட்டம் எடுத்துவர வீட்டினுள்ளே ஓடினான்.