ஒரே காட்டில் மிஞ்சிய வாம்பேட்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கிளெர்மாண்ட் ஊருக்கு அப்பால் எப்பிங் காடு தேசியப் பூங்கா இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 1980களின் தொடக்கத்தில், வடக்கு ரோமமூக்கு வாம்பேட் உலகிலேயே அங்கு மட்டும்தான் உயிரோடு இருந்தது. அதுவும் ஏறத்தாழ 35 மட்டுமே.

கோலாவுக்கு நெருங்கிய சொந்தம் இது. ஒரு மீட்டர் நீளம், 30 கிலோவைத் தாண்டும் உடல், குட்டைக் கால்கள், மூக்கின் மேல் மெல்லிய பழுப்பு ரோமம். பகலெல்லாம் மணலில் தோண்டிய வளைக்குள் தூங்கிவிட்டு, இருட்டிய பிறகு புல் மேய வெளியே வரும். தாயின் வயிற்றுப்பை பின்பக்கமாகத் திறந்திருக்கும். அதனால் அது எவ்வளவு வேகமாக மண்ணை வாரித் தள்ளினாலும் பைக்குள் இருக்கும் குட்டியின் மேல் விழாது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. எனவே ஒருமுறை குறைந்த கூட்டம் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இதன் புல்லை ஆடுமாடுகள் பறித்துக்கொண்டன. வறட்சி மிச்சத்தையும் பொசுக்கியது. 1971இல் பூங்கா அறிவிக்கப்பட்டும் மாடுகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. 1982இல் வேலி போட்டு அவற்றை வெளியேற்றிய பிறகே வாம்பேட்டுகள் தலையெடுத்தன. 2000வாக்கில் டிங்கோ நாய்கள் புகுந்து பத்து வாம்பேட்டுகள் வரை கொன்றன. 2002இல் சுமார் 20 கிலோமீட்டருக்கு நாய் நுழைய முடியாத வேலி எழுந்தது.

கூச்சமுள்ள, இரவில் நடமாடும் விலங்கை எப்படி எண்ணுவது? கூண்டு வைத்துப் பிடித்தால் மிரண்டுபோகும். ஆய்வாளர்கள் வளைவாயின் குறுக்கே ஒட்டும் டேப்பைக் கட்டிவைக்கிறார்கள். நுழையும்போதும் வெளியேறும்போதும் முதுகு உரசி, ரோமங்கள் ஒட்டிக்கொள்ளும். ரோமத்தின் வேரிலுள்ள டிஎன்ஏ, எந்த வாம்பேட், ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்று எண்ணிக்கை 300ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'மிக அருகிய இனம்'தான். பெரும்பாலானவை இன்னும் அந்த ஒரே காட்டில் வாழ்கின்றன. ஒரு காட்டுத்தீயோ தொற்றுநோயோ முழு இனத்தையும் துடைத்துவிடலாம். அதனால்தான் 2009இல் செயின்ட் ஜார்ஜ் ஊரருகே இரண்டாவது இடத்தில் சிலவற்றைக் குடியேற்றினார்கள். மூன்றாவது இடமாக பவ்ருன்னா அரசுக் காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளிப் பக்கம் வாழும் தெற்கு ரோமமூக்கு வாம்பேட்டுகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் வறட்சியும் சொறி நோயும் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. அவை 'அச்சுறு நிலையை அண்மித்தவை' என்ற வரிசையில் இருக்கின்றன.

மாட்டை விலக்கியதும் ஒரு வேலி கட்டியதுமே ஓர் இனத்தை அழிவின் விளிம்பிலிருந்து மீட்டன. இனி அது நிலைக்க வேண்டுமானால், தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. அவை பத்திரமாக வாழும் இடங்களும் பெருக வேண்டும்.