சிப்பாயின் காமிராவும் நியாயஸ்தலமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். யுத்த களத்தில் சிப்பாய்கள் தங்கள் களிப்புக்காக எடுத்த படங்கள், யுத்தத்தைப் பற்றிய விவரணப் படங்களில் சாட்சியமாக வந்து நிற்கும் இக்காலத்தில் இவ்வாக்கின் அருமை நன்கு விளங்குகிறது.

போஸ்னியா தேசத்து ஸ்ரெப்ரெனிட்ஸா நகரம் 1995-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் போஸ்னிய ஸெர்பியப் படையின் வசமாயிற்று. சுமார் 8,000 முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஆறு பேரை ட்ர்னோவோ என்னும் ஊருக்கருகே கொண்டு போய்ச் சுட்டது, 'தேள்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஸெர்பியப் படைப் பிரிவு. அப்பிரிவினன் ஒருவனே அதைப் படமும் பிடித்தான். எதிரே ஆறு உயிர்கள் ஊசலாட, அவன் கவலையெல்லாம் காமிராவின் பாட்டரி தீர்ந்து போகிறதே என்பதுதான்! அதே நாடாவில், பாதிரியார் ஒருவர் அப்பிரிவுக்கு ஆசி வழங்கும் காட்சியும் இருக்கிறது.

பிற்பாடு ஆபத்தை உணர்ந்த தலைவன், பிரதிகளையெல்லாம் அழித்துவிடக் கட்டளையிட்டான். ஒன்று தப்பியது. பெல்கிரேடு நகரத்து மனித உரிமை ஊழியரான நடாஷா காண்டிச் அம்மையார் அதைத் தேடிப் பெற்றார். ஹேக் நகரத்தில் ஸெர்பியாவின் முன்னாள் ஜனாதிபதி மிலோஷெவிச்சின் மீது நடந்த விசாரணையில், 2005 ஜூன் 1-ஆம் தேதி அது காட்டப்பட்டது. தொலைக்காட்சியிலும் வெளிவந்தது. தாய் ஒருத்தி தன் மகன் மாளும் கணத்தைத் திரையிலே கண்டாள். சில தினங்களில் பலர் கைதாயினர். 2007-ல் பெல்கிரேடு நியாயஸ்தலம் நால்வரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே லாஸர் ஸ்டோயானோவிச் என்பவர் அந்நாடாவைக் கொண்டு விவரணப் படமொன்றை அமைத்தார்.

சுட்டவர் முகம் தெரிந்தது; மாண்டவரை உற்றார் அடையாளம் கண்டனர்; விசாரிக்க ஒரு நியாயஸ்தலமும் முன்வந்தது. இம்மூன்றும் கூடியதனாலேயே அப்படம் பயன் தந்தது.

இலங்கையின் கதை வேறு. கண் கட்டப்பட்ட நிர்வாணக் கைதிகளை ராணுவ உடை தரித்தோர் சுடும் கைப்பேசிப் படத்தை, 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் 'சானல் 4' ஒளிபரப்பியது. அது போலி என்றது இலங்கை சர்க்கார். ஐ.நா. சார்பில் விசாரித்த பிலிப் ஆல்ஸ்டன், துப்பாக்கி, பிரேத பரிசோதனை, வீடியோ ஆகிய துறைகளில் தேர்ந்த மூன்று நிபுணர்களிடம் அதை ஒப்புவித்தார். அது மெய்யானதாகவே தோன்றுகிறது என்ற அவர்களுடைய முடிவு 2010 ஜனவரியில் வெளியாயிற்று. யுத்தம் மே மாதத்தில் முடிந்திருக்க, படத்தில் பதிந்திருந்த தேதி ஜூலையைக் காட்டியது போன்ற விளங்காத அம்சங்களையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. 2011-ல் காலம் மக்ரே இயக்கிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' இத்தகைய காட்சிகளை உலகின் முன் வைத்தது. ஆயினும் அந்தக் கைப்பேசிப் படத்தைக் கொண்டு எந்த நியாயஸ்தலமும் இன்றுவரை ஒருவரையும் தண்டித்ததில்லை.

படம் சாட்சி சொல்லும்; தீர்ப்புச் சொல்லாது. இத்தகைய படம் நம் கண்ணில் படும்போது, எடுத்தவன் யார், எங்கே, எப்போது, எவர் கை மாறி வந்தது என்று கேட்க நேயர்கள் பழக வேண்டும். அப்படிக் கேட்பது மாண்டவரைச் சந்தேகிப்பதாகாது. பதில் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பதே அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.