ஏரிக்கரை மாளிகை

கடலை நாள்தோறும் கண்டு வாழ்வோர்க்குக் காடு ஒரு புதிய உலகம். தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து புறப்படுவோர், மதுரை, தேனி, கம்பம் வழியாக மலைமேல் ஏறினால் குமுளி என்னும் எல்லையூரை அடையலாம். அதனையடுத்துக் கேரள மாநிலத்தில் இருப்பது தேக்கடி. அங்கே பெரியாற்று ஏரியின் கரையில், அடர்ந்த காட்டினிடையே, இடப்பாளையம் என்னுமிடத்தில் பழைய மாளிகையொன்று விளங்குகிறது. திருவிதாங்கூர் மன்னர் கோடையில் வந்து தங்கிய அம்மாளிகை, இன்று பயணிகள் தங்கும் விடுதியாக உள்ளது.

இவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. மழை பொய்த்தபோதெல்லாம் வையைக் கரை நிலங்கள் வறண்டன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் மக்கள் எண்ணிலாதவர் மாண்டனர். அதே வேளையில், மலைக்கு அப்பால் பெரியாற்று நீர் மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலந்துகொண்டிருந்தது. பென்னிகுயிக் என்னும் பொறியியல் வல்லுநர் அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டும் பணியை 1887-ஆம் ஆண்டு தொடங்கி 1895-இல் நிறைவேற்றினார். தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வறண்ட வயல்களை வாழ்வித்தது. பள்ளத்தாக்கில் நின்ற மரங்கள் நீரில் மூழ்கிப் பட்டுப்போயின. நூறாண்டு கடந்தும் அவற்றின் அடிமரங்கள் நீர்ப்பரப்பின்மேல் கரிய தூண்களைப் போல நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மீது அமர்ந்து சிறகை உலர்த்துகின்றன.

மக்களுக்காகத் தேக்கிய நீர் விலங்குகளுக்கும் வாழ்வளித்தது. கோடையில் காட்டோடைகள் வற்றும்போது யானை, காட்டெருது, கடமான், காட்டுப்பன்றி ஆகியவை ஏரிக்கரைக்கு வருகின்றன. சித்திரைத் திருநாள் மன்னரது ஆட்சியில், 1934-ஆம் ஆண்டு, ஏரியைச் சூழ்ந்த காடு விலங்குகளின் காப்பிடமாக்கப்பட்டது. 1950-இல் அது விரிவடைந்து பெரியாறு சரணாலயமாயிற்று. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று.

மாளிகையில் தங்குவோர் படகேறிப் பொழுது சாயுமுன்னரே அங்குச் சென்று சேர்தல் வேண்டும். இருட்டிய பின் வெளியே உலவுதல் கூடாது. இரவில் காடு விலங்குகளுக்கே உரியது. வைகறையில் மூடுபனி மெல்ல விலக, தாழ்வாரத்தில் ஓசையின்றி அமர்ந்திருப்பவர்க்கு எதிர்க்கரையில் யானைக் கூட்டத்தைக் காணும் பேறு கிட்டலாம். கிட்டாமலும் போகலாம். பொறுமையே அங்கு வேண்டப்படும் முதற்பண்பு.

அரசர்களும் ஆங்கில அதிகாரிகளும் காடு சென்றது முன்னாளில் பெரும்பாலும் வேட்டைக்காகவே. ஆப்பிரிக்காவிலும் அவ்வாறே. 'சஃபாரி' என்னும் சுவாகிலி மொழிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். எனினும், துப்பாக்கி ஏந்திச் செல்லும் வேட்டைப் பயணத்தையே அச்சொல் நெடுங்காலம் உலகிற்கு நினைவூட்டியது. இன்று கென்யா நாட்டின் நைவாஷா ஏரிக்கரையில், குடியேறிய ஐரோப்பியர் கட்டிய பழைய பண்ணை வீடுகள் சில விருந்தினர் விடுதிகளாக உள்ளன. அங்குச் செல்வோர் நீர்யானைகளைக் கொல்வதற்காகச் செல்லவில்லை. கண்டு மகிழவே செல்கின்றனர்.

தேக்கடியில் இதனினும் வியத்தகு மாற்றமொன்று நிகழ்ந்தது. காட்டு இலவங்க மரப்பட்டையைக் களவாக உரித்தும், விலங்குகளை வேட்டையாடியும் பிழைத்து வந்த சிலர், 1990-களில் அத்தொழிலைக் கைவிட்டனர். அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலராகவும் மாறினர். காட்டின் மறைவிடங்களை அவர்களைப்போல் அறிந்தவர் யார்? களவுக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குப் பயன்படலாயிற்று. பிழைக்க வேறு வழி காட்டினால் மனிதர் திருந்துவர் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

முத்துக்குளித்துறையில் வாழ்வோர்க்கு இப்பாடம் அயலானதன்று. முன்னாளில் கடலடியிலுள்ள பார்களைச் சோதித்து, சிப்பிகள் முதிர்ந்திருப்பதை உறுதி செய்த பின்னரே முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. ஆயினும், சிப்பி வளம் குன்றியமையால் 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் அத்தகைய பெருங்குளிப்பு நடைபெறவில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. காடாயினும் கடலாயினும், எடுக்கும் கை அளவறிந்து நிற்க வேண்டும். அங்ஙனம் நின்றால்தான் இயற்கையின் செல்வம் வருந்தலைமுறைக்கும் எஞ்சும்.